மூன்று முறை கூப்பிட்டார்கள்

அத்தித்தாங்கல் போர்டு பள்ளிக்கூடத்தில் வேதகிரி வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது தலை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் இல்லை. ரிஜிஸ்தரில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டு பேர்களை வாசிப்பார். "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. நாலாம் வகுப்பில் ஞானசுந்தரி என்ற பேருக்கு நேராக இரண்டு மாத காலம் சுழியாக விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் அத்தனை நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்து, சேரிப் பிள்ளைகள் உட்காரும் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் அவளுக்கு விஷ ஜுரம் வந்தது. இருபத்தொரு நாள் கிடந்து எழுந்தாள். பிழைத்த சந்தோஷத்தில் காது போனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாள். ஜுரத்தில் செல்லம் கொடுத்ததால் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்து, அவள் அம்மா ஜெயம்மாள் இரண்டு தரம் துடைப்பத்தால் அடித்தாள். அடி வாங்கிக்கொண்டே மகள் அம்மாவின் வாயை உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் ஜெயம்மாளுக்கு நெஞ்சில் என்னவோ தட்டியது. பின்பக்கமாகப் போய் நின்று பித்தளைத் தட்டை ஓங்கித் தரையில் போட்டுப் பார்த்தாள். பெண் அசையவில்லை.

வேதகிரி வாத்தியார் விஷயம் தெரிந்ததும் சுழிகளையெல்லாம் மை வைத்துக் கோடாக மாற்றினார். பிறகு அவளைக் கடைசி வரிசையிலிருந்து முதல் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார். தன் வாயசைவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். முதல் பெஞ்சில் ஒரே ஒரு பெண்தான் உட்காருவாள். ஊரில் பெரிய விவசாயி தாண்டவராயனின் மகள் கனகா. அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது வாத்தியார் கணக்கு.

கனகா வாயைத் திறக்கவில்லை. தன் சிலேட்டை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் செங்குத்தாக நிறுத்திவைத்தாள். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று அர்த்தம். மூன்று நாள் போயிற்று. ஆஜர் எடுக்கும்போது ஞானசுந்தரி பேர் வந்தால் வகுப்பே சிரித்தது. நாலாம் நாள் பேர் வந்த உடனே பெஞ்சுக்குக் கீழே ஞானசுந்தரியின் கால் மேல் ஒரு பெருவிரல் அழுத்தியது. அவள் திடுக்கிட்டு வாத்தியாரைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. "உள்ளேன் ஐயா" என்றாள். காது போனபின் அவள் குரல் கொஞ்சம் உரத்தும் ஒரே மட்டமாகவும் இருக்கும்.

அதன் பிறகு எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும், மேலே சிலேட்டு நடுவில் நின்றது. கீழே அந்தக் கால் வந்துகொண்டேயிருந்தது. வெளியில் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. கனகா வீட்டில் தெரிந்தால் அவளைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவார்கள். மகள் ஒரு நாள் இதைச் சொன்னபோது ஜெயம்மாள் பயந்து போனாள். "வெளிய சொல்லிடாதடி. அந்த வூட்டுப் பொண்ணு காலு உம்மேல பட்டுதுன்னு தெரிஞ்சா உங்கப்பனுக்கு வேல இருக்காது" என்றாள். அப்படிச் சொன்னாலும், ஜெபக்கூடத்தில் உபதேசியார் பெரிய வியாழனன்று இயேசு சீஷர்களின் கால் கழுவுகிற வசனத்தை வாசிக்கிறபோதெல்லாம் அவளுக்கு அந்தப் பெஞ்சின் நினைப்பு வரும். யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாவதில் ஞானசுந்தரிதான் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க். அதற்குப் பிறகு நாலு வருஷம் நடவுக்கும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தாள். பதினேழு வயது முடிந்ததும் வேதகிரி வாத்தியார் ஒரு பாரத்தை வாங்கிப் பூர்த்தி பண்ணி, டவுனில் இருக்கும் பெண்கள் டிரெய்னிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் அங்கே படித்தால் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர் ஆகலாம். ஹாஸ்டலில் சோறும் உண்டு. நேரில் வரச்சொல்லி ஆனி மாதத்தில் கார்டு வந்தது.

கார்டை வைத்துக்கொண்டு வாத்தியார் சேரிக்கே வந்தார். அவள் அப்பன் ஞானதாஸ் அப்போதுதான் தாண்டவராயன் நிலத்தில் சேற்றைச் சமப்படுத்தப் பரம்பு ஓட்டிவிட்டு வந்து, காலில் சேறு காயாமல் நின்றிருந்தான்.

"காது கேக்காத பொண்ண டீச்சராக்கறதுக்கு எவன் சார் ஒத்துக்குவான்? பஸ் ஏறிப் போயி அசிங்கப்பட்டுக்கினு வரணுமா?" என்றான்.

"உம் பொண்ணு மூஞ்சியப் பாத்தாலே நாம பேசறத புடிச்சுக்குது. எதிர்ல உக்காந்து நாலு பேரு கேள்வி கேட்டா நாலு பேருக்கும் பதில் சொல்லும். உள்ள போற வரைக்கும் காது விஷயத்த எடுக்காதீங்க. மொதல்ல அது பேசறத அவங்க கேக்கட்டும். கேட்டப்பறம் காது இல்லன்னு தெரிஞ்சா வேற மாதிரி யோசிப்பாங்க. முன்னாடியே தெரிஞ்சா உள்ளயே வுடமாட்டாங்க."

"அது பொய்யி இல்லையா சார்?" என்று கேட்டாள் ஜெயம்மாள்.

வாத்தியார் கார்டை அவள் கையில் கொடுத்தார். "கேட்டா மறைக்காத. கேக்காம நீயா சொல்லாத. அவ்வளவுதான்." பிறகு ஜெயம்மாளைப் பார்த்துச் சொன்னார். "தாழ்வாரத்துல வரிசையா உக்கார வெச்சு பியூன் பேரக் கூப்பிடுவான். நீ அது பக்கத்துலயே இரு. பேரு வந்ததும் தொடையில ஒரு தட்டு தட்டு. நீ செய்ய வேண்டியது அது ஒண்ணுதான்."

அது ஒன்றுதான். ஜெயம்மாள் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

விடியுமுன் கிளம்பி உத்திரமேரூருக்கு நடந்தார்கள். புளிச்சோறும் வேர்க்கடலைத் துவையலும் துணியில் கட்டியிருந்தது. கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் சேலையை ஜெயம்மாள் மகளுக்குக் கட்டிவிட்டிருந்தாள். தான் கட்டியிருந்தது வேலைக்குப் போகிற சேலைதான், வேறு இல்லை. பஸ்ஸில் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழிப் பலகைகளை ஒவ்வொன்றாக வாயசைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்று தோண்டிப் பெண்கள் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

டிரெய்னிங் பள்ளி ஓட்டுக் கட்டடம். நீளமான தாழ்வாரம், ஏறுவதற்கு நாலு படி. தாழ்வாரத்தில் பெஞ்சுகள் போட்டுப் பெண்களும், கூட வந்த தகப்பன்மார்களும் தாய்மார்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கேட்கிற இடமும் அது இல்லை. ஞானசுந்தரி நாலு படியையும் ஏறிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஜெயம்மாள் கீழேயே நின்றுவிட்டிருந்தாள்.

"மேல வாம்மா. வாத்தியார் உன்ன எம் பக்கத்துல இருக்கச் சொன்னாரே."

"வரேன் வரேன். நீ குந்து. நான் இப்படி நெழல்ல இருக்கேன்."

யாரும் அவளை ஏறாதே என்று சொல்லவில்லை. நாற்பது வயதுவரை அந்த மாதிரிப் படிகளைக் கண்டால் நின்றே பழகிய கால். கிராம முன்சீப் வீட்டிலும் சரி, தபால் ஆபீசிலும் சரி, தாண்டவராயன் வீட்டிலும் சரி, படிக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அந்தக் காலுக்கே தெரியும். கூப்பிடு தூரத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மகள் தெரிகிற மாதிரிதான் உட்கார்ந்தாள்.

ஞானசுந்தரி என்ன செய்வாள்? பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லி வைத்தாள். அவள் வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த கோவிந்தம்மாள் என்கிற, ஓயாமல் சிரிக்கிற பெண். "எனக்குக் கொஞ்சம் காது மந்தம். எம்பேரு வந்தா தட்டறீங்களா?" என்று கேட்க, அந்தப் பெண் "அதுக்கென்ன, கிள்ளியே வுடறேன்" என்று சிரித்தது. இதை ஞானசுந்தரி அங்கிருந்தே கை ஜாடையில் அம்மாவுக்குக் காட்டினாள். ஜெயம்மாளுக்குப் பாரம் இறங்கியது. மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

பியூன் காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாக வந்து கதவண்டை நின்று பேர்களை வாசிக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பெண்ணாக உள்ளே போனது. உள்ளே போனவர்கள் மறுபக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்கள். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு "வி. கோவிந்தம்மாள்" என்று கூப்பிட்டான். அந்தப் பெண் பதறி எழுந்து, தாவணியைச் சரி செய்துகொண்டு ஓடியது. தட்டுவதாகச் சொன்னதெல்லாம் அதற்கு அப்போது எங்கே நினைவிருக்கும்? அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. பெஞ்சில் ஞானசுந்தரிக்குப் பக்கத்தில் காலி இடம் விழுந்தது.

அதற்கு அடுத்த பேர், "ஜி. ஞானசுந்தரி."

புங்க மரத்தடியில் ஜெயம்மாளுக்கு அது கோயில் மணி மாதிரி கேட்டது. சட்டென்று எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். பியூன் அந்தப் பக்கம் பார்த்தான்.

"யாரும்மா அது? பேரு கூப்பிட்டவங்க மட்டும் வரணும். உக்காரு, உக்காரு."

ஜெயம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளே அதைப் பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறாள். அந்த ஆள் அதட்டிக்கூடச் சொல்லவில்லை. நின்றிருக்கிற கிழவிக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். சொன்ன உடனே முழங்கால் மடங்கிவிட்டது. அவளைக் கேட்டுக்கொண்டு மடங்கவில்லை.

"ஜி. ஞானசுந்தரி" என்று இரண்டாம் முறை கேட்டது. மகள் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து, கதவைப் பார்ப்பதும் மரத்தடியைப் பார்ப்பதுமாக இருந்தாள். பியூனுக்கு நல்ல மீசை. அவன் உதடு அவளுக்குத் தெரியவில்லை. அதோ இருக்கிறாள், அந்த மாம்பழக் கலர் சேலைதான் என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஜெயம்மாளின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

மூன்றாம் முறையும் கூப்பிட்டான். காகிதத்தில் என்னவோ குறித்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனான்.

பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. கடைசியில் ஞானசுந்தரி மட்டும் மடியில் சர்ட்டிபிகேட்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். பியூன் கதவைச் சாத்தப் போனபோது எழுந்து போய், தன் பேர் இன்னும் வரவில்லையே என்று கேட்டாள். பிறகு படி இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே கூட்டிப் போனாள். அப்போது அந்த நாலு படியையும் ஜெயம்மாளால் ஏற முடிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே பெரிய டீச்சரம்மா, வெள்ளைச் சேலையும் வட்டக் கண்ணாடியுமாக, பட்டியலைக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

"மூணு தடவை கூப்பிட்டோமே, எங்கே போனே?"

"எங்கயும் போகல டீச்சர். பெஞ்சுலதான் இருந்தேன்."

"பின்னே ஏன் வரலை?"

கேட்டால் மறைக்காதே என்று வாத்தியார் சொல்லியிருந்தார். "அதுக்குக் காது கேக்காதுங்கம்மா. ஒம்பது வயசுல போயிட்டுது" என்றாள் ஜெயம்மாள்.

டீச்சரம்மா பேனாவை வைத்துவிட்டு ஞானசுந்தரியை எதிரில் உட்காரச் சொன்னார். மார்க்கைப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். முதலில் மெதுவாக, பிறகு சாதாரணமாக. மகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு கணக்கை மனசிலேயே போட்டுச் சொன்னாள். டீச்சரம்மாவின் முகம் கொஞ்சம் மலர்ந்து, மறுபடியும் பழையபடி ஆயிற்று.

"நீ போர்டு பக்கம் திரும்பி எழுதும்போது, பின்னாலே பிள்ளைங்க கேள்வி கேட்டா என்ன பண்ணுவே?"

"பசங்கள என் கால்ல தட்டச் சொல்லுவேன் டீச்சர்" என்றாள் ஞானசுந்தரி.

அவருக்குப் புரியவில்லை. ஜெயம்மாளைப் பார்த்தார். ஜெயம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறிவுக்குக் குறைவில்லை" என்றார் டீச்சரம்மா, யாரிடமோ பேசுகிற மாதிரி. "டாக்டர் சர்ட்டிபிகேட்டிலே காதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அதிலே எப்படியும் நிறுத்துவாங்க. மெட்ராஸிலே காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அது சின்னப் பிள்ளைகளுக்கு. உனக்கு வயசு தாண்டிப்போச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உள்ளே வந்து எல்லாரும் இருக்கும்போது இந்தப் பதிலெல்லாம் சொல்லியிருந்தா நானே எழுந்து பேசிப் பார்த்திருப்பேன். நடந்திருக்குமோ, நடந்திருக்காதோ. இப்போ வரவில்லைன்னு போட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

பட்டியலைத் திருப்பிக் காட்டினார். ஞானசுந்தரி தன் பேரையும் அதற்கு நேராக இருந்ததையும் படித்தாள்.

நல்ல மனுஷிதான். ஹாஸ்டலில் சொல்லி இரண்டு பேருக்கும் இலை போட வைத்தார். ஆயா ஒருத்தி பக்கத்தில் நின்று சாம்பார் ஊற்றினாள். ஜெயம்மாள் சாப்பிட்டாள். உப்பு இருந்ததா, புளி இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகள் இலையை மடித்துக்கொண்டு, "சோறு வீணாப்போவும். நம்ம கட்டுசோத்த வழியில யாருக்கினா குடுத்துடலாம்மா" என்றாள்.

பஸ்ஸில் திரும்புகிறபோது மகள் அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள். "மூணு தபா கூப்பிட்டாங்களாமே. உனுக்குக் கேட்டுதா?"

"இல்லடி. காத்து எதிர்க்க அடிச்சுது" என்றாள் ஜெயம்மாள்.

ஞானசுந்தரி தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பலகைகளைப் படிக்கவில்லை.

வீட்டில் ஞானதாஸ் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். வேதகிரி வாத்தியார் இரண்டு நாள் கழித்து வந்து சர்ட்டிபிகேட்டுகளை வாங்கிப் பார்த்து, ஈரம் படாமல் வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் உபதேசியார் வேறெதோ பிரசங்கம் பண்ணினார். ஜெயம்மாளுக்கோ சேவல் கூவுமுன்னே இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவின் ஞாபகம்தான் வந்தது. பேதுருவாவது வெளியே போய் மனங்கசந்து அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கூழ் காய்ச்சினாள், விறகு பொறுக்கினாள், தலை வாரினாள். எல்லாம் கை தன்பாட்டில் செய்தது.

ஆனி முடிகிற சமயம் தாண்டவராயனின் கிணற்றடி நிலத்தில் பின்நடவு. பத்துப் பேர் வரிசையாகக் குனிந்து, நாற்று முடியைப் பிரித்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பக்கம் அம்முலு, நடுவில் ஞானசுந்தரி, அந்தப் பக்கம் ஜெயம்மாள். அம்முலு வாய் ஓயாதவள். "டீச்சரம்மா, நேரா நடுங்க. இன்ஸ்பெக்டர் வந்துடப் போறாரு" என்று அவள் கேலி பண்ணியபோது இரண்டு பேர் சிரித்தார்கள். ஞானசுந்தரி குனிந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. வரிசையில் குனிந்துவிட்டால் அவள் தனி ஆள்தான்.

வெயில் ஏறியதும் கூழ் வந்தது. வழக்கமாகக் கொண்டுவருகிற ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று கனகாவே வந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நாலு வருஷமாக வீட்டோடு இருக்கிறாள்; ஆவணியில் கல்யாணம். வரப்பில் குண்டானை இறக்கிவிட்டு ஜெயம்மாளைக் கூப்பிட்டாள். பெரியவளானாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம்.

"இன்னா ஜெயம்மா, சுந்தரி போன காரியம் இன்னா ஆச்சு? வாத்தியாரக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கினு போறாரு."

"இடம் கெடைக்கல பாப்பா. பேரு கூப்பிட்டப்ப அதுக்குத் தெரியாம பூட்டுது."

"தெரியாம பூட்டுதா? யாரும் தட்டலியா?"

ஜெயம்மாள் குனிந்து நட்டுக்கொண்டேயிருந்தாள்.

"அங்க அத்தினி பேரு இருந்திருப்பாங்களே. நீ எங்க போன?"

இதைத்தான் யாரும் கேட்கவில்லை. ஞானதாஸ் கேட்கவில்லை, வாத்தியார் கேட்கவில்லை. ஜெயம்மாள் சேற்றைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தாள். "நான் அங்கதான் இருந்தேன் பாப்பா. மரத்தடியில குந்திக்கினு இருந்தேன். படி ஏற மனசு வரல. மூணு தபா கூப்பிட்டாங்க. மூணு தபாவும் எனக்கு நல்லா கேட்டுது. எந்திரிச்சேன். உக்காருன்னாங்க. குந்திட்டேன்."

நடவு வரிசை நின்றுவிட்டது. அம்முலுகூட வாயை மூடிக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்டது. நடுவில் ஒருத்தி மட்டும் கேளாமல், கையிலிருந்த முடி தீருகிற வரைக்கும் நட்டுக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் கனகா.

"இல்ல பாப்பா. காத்துன்னு சொல்லிட்டேன்."

கனகா எதிர்வரப்பைப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா தாண்டவராயன் மடை திருப்பிக்கொண்டிருந்தார். பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினாள். சேற்றில் நடந்து பழக்கமில்லாத கால். தள்ளாடிக்கொண்டே ஞானசுந்தரியின் பின்னால் போய் நின்று, சேற்றுக்குள் துழாவி, அவள் கால் மேல் தன் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

"உள்ளேன் ஐயா" என்றாள் ஞானசுந்தரி.

குனிந்த வாக்கிலேயே அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. பிறகுதான் நிமிர்ந்தாள். கனகாவைக் கண்டதும் சிரித்தாள். கனகா சிரிக்காமல், அம்மாவைப் பார் என்று கையைக் காட்டினாள்.

இனிமேல் தரையைப் பார்த்துப் பேச முடியாது. மகளுக்குச் சொல்வதானால் முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். ஜெயம்மாள் நிமிர்ந்தாள். உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்குக் கேட்டுது சுந்தரி. மூணு தபாவும் கேட்டுது."

ஞானசுந்தரி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறவில்லை.

"தெரியும்மா. நான் உன்னத்தான பாத்துக்கினு இருந்தேன்" என்றாள், அந்த ஒரே மட்டமான குரலில். "நீ எந்திரிச்ச. நானும் எந்திரிக்கப் போனேன். நீ மறுபடி குந்திக்கின. சரி, என் பேரு இல்ல போல, இருந்தா எங்கம்மா குந்தியிருக்க மாட்டான்னு நெனச்சுக்கினேன்."

கிணற்று மேட்டில் தண்ணீர் இறைக்கக் கவலை இழுக்கிற மாட்டின் சலங்கை மட்டும் கேட்டது. ஜெயம்மாள் கையில் நாற்று முடியோடு நின்றாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண் காய்ந்தே இருந்தது.

"அடுத்த தபா எந்திரிச்சா குந்தாதம்மா" என்றாள் ஞானசுந்தரி. கீழே கிடந்த வேறொரு முடியை எடுத்துக் கட்டைப் பிரித்தாள்.

எதிர்வரப்பிலிருந்து தாண்டவராயனின் குரல் வந்தது. "கனகா, அங்க இன்னாடி பண்ற?"

"கால் வழுக்கிட்டுது நைனா" என்றாள் கனகா.

"ஆமாங்க ஆண்டே, வரப்பு ஒரே வழுக்கலு. நாங்களே ரெண்டு தபா வுழுந்தோம்" என்றாள் அம்முலு. வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களில் கடவுள் கணக்கில் வைக்காத பொய் அதுவாகத்தான் இருக்கும்.

கனகா திரும்பி வரப்புக்குப் போகப் பார்த்தாள். பரம்பு ஓட்டிய சேறு. ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்கியது. முழங்காலுக்கு மேல் போனதும் பயந்துவிட்டாள். "யாராவது கை குடுங்களேன்" என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாண்டவராயன் மண்வெட்டியை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுப் பெண்ணின் கையை யார் பிடிப்பது?

ஜெயம்மாள் நாற்று முடியைக் கீழே போட்டாள். காலை எடுத்து வைத்தாள். மகள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஏய், யாரது?" என்றார் தாண்டவராயன்.

முழங்கால் ஒரு தரம் தயங்கியது. ஜெயம்மாள் நிற்கவில்லை. சேற்றுக் கையை நீட்டிக் கனகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கனகா இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். வரப்பு வரைக்கும் இருபது அடி இருக்கும். இருவரும் மெல்ல நடந்தார்கள்.

அம்மா திரும்பி வருகிற வரைக்கும் அவள் இடத்தையும் சேர்த்து ஞானசுந்தரி நட்டுக்கொண்டிருந்தாள்.